யாருக்குத் தெரியக்கூடாது? பீடி சுற்றும் ஒரு பெண் உதவி தேடிய வழி

திருநெல்வேலி வட்டாரத்தில் மனநலம் சார்ந்த சமூகப் பணியில் இருக்கிறேன். இது ஒரே ஒரு பெண்ணைப் பற்றிய பதிவு. அவருடைய சம்மதத்தோடு எழுதுகிறேன். ஊரையும் குடும்ப விவரங்கள் சிலவற்றையும் அடையாளம் தெரியாதபடி மாற்றியிருக்கிறேன். நடந்தவற்றின் வரிசையையும் எங்கள் தரப்புப் பிழைகளையும் மாற்றவில்லை.

பின்னணி

முக்கூடலுக்கும் ஆலங்குளத்துக்கும் இடைப்பட்ட ஒரு சிற்றூர். ஆலங்குளம் 2019 நவம்பரில் தென்காசி மாவட்டத்தோடு போய்விட்டது. ஆனாலும் பெரிய ஆஸ்பத்திரி என்றால் அந்தப் பக்கத்து மக்களுக்கு இன்றும் பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு மருத்துவமனைதான். மழை பெய்தால் விவசாயம், பெய்யாவிட்டால் பீடி. பெய்தாலும் பெண்களுக்குப் பீடிதான்.

அந்தப் பெண்ணுக்கு நாற்பதை நெருங்கும் வயது. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோய் பீடித் தட்டு மடிக்கு வந்துவிட்டது. கணவர் மும்பையில் பலசரக்குக் கடை ஒன்றில் வேலை பார்க்கிறார். கோயில் கொடைக்கும் பொங்கலுக்கும் மட்டும் ஊர் வருவார். மகள் பாளையங்கோட்டையில் கல்லூரி இரண்டாம் ஆண்டு, மகன் பத்தாம் வகுப்பு. மாமியாரும் உடன் இருக்கிறார்.

பீடி வேலையின் ஓட்டத்தைச் சொல்லாமல் இந்தப் பெண்ணின் நாளைப் புரிந்துகொள்ள முடியாது. இலையை நனைத்து, பதம் பார்த்து, அளவு வைத்துக் கத்தரித்து, தூளை நிரவிச் சுற்றி, முனை மடக்கி நூல் கட்ட வேண்டும். 25 பீடி ஒரு கட்டு. 40 கட்டு சேர்ந்தால் ஆயிரம், கூலி அந்தக் கணக்கில்தான். சமையல், தண்ணீர் பிடிப்பது, மாமியாருக்குக் கஞ்சி எல்லாம் இதற்கு நடுவே. நல்ல நாளில் எண்ணூறு சுற்றுவேன் என்றார். கையை நிறுத்தினால் காசு நிற்கும்.

வீட்டின் மேல் மூன்று குழுக்கடன்கள் இருந்தன. ஒன்று கூரையை மாற்ற, ஒன்று மகளின் கல்லூரிக்கு, மூன்றாவது முதல் இரண்டையும் கட்டுவதற்கு. குழுவில் பத்துப் பேர், எல்லாரும் ஒரே தெரு. ஒருத்தி தவணை கட்டாவிட்டால் மற்ற ஒன்பது பேரும் போட்டுக் கட்ட வேண்டும். இன்னொன்றும் இருந்தது. மகளை அவருடைய அண்ணன் மகனுக்குக் கொடுப்பதாகச் சின்ன வயதிலேயே பேசி வைத்திருந்தார்கள்.

எங்களிடம் வருவதற்கு முன்

தொல்லை ஐப்பசியில் தொடங்கியது. அடைமழையில் இலை பூசணம் பிடித்தது, சுற்றிய பீடி காயவில்லை, பீடியை வாங்கும் கடையில் தேறாதென்று தள்ளும் கழிவு கூடியது. இரண்டு வாரம் தவணை தவறியது. வீட்டு வாசலில் வந்து நின்று குழுத் தலைவி கேட்டதை எதிர்வீட்டுப் பெண் கேட்டுக்கொண்டிருந்தார் என்பதை இரண்டு மாதம் கழித்தும் வார்த்தைக்கு வார்த்தை சொன்னார். அன்றிலிருந்து உறக்கம் போனது.

உதவி கேட்காமல் அடைந்து கிடந்தவர் என்று இவரைச் சொல்லவே முடியாது. இரண்டு மாதத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஐந்து முறை போயிருக்கிறார், சீட்டுகளை மடித்து மஞ்சள் பையில் வைத்திருந்தார். ஒவ்வொரு முறையும் நெஞ்சு படபடப்பு, கை ஓய்ச்சல், தலைக்குள் ஒரு இரைச்சல் என்றே சொல்லியிருக்கிறார். இசிஜி சரியாக இருந்தது. வலி மாத்திரையும் சத்து மாத்திரையும் கொடுத்து அனுப்பினார்கள். உண்மையாகவே நெஞ்சு படபடத்தது, அதைத்தான் சொன்னார். மனசு சரியில்லை என்று டாக்டரிடம் போய்ச் சொல்லலாம் என்பதே அவர் வளர்ந்த வீட்டில் யாரும் சொல்லிக் கேட்காத விஷயம்.

அடுத்து சாமி. பக்கத்து ஊரில் செவ்வாய்க்கிழமை குறி சொல்லும் ஒருவரிடம் மூன்று வாரம் போனார். குலதெய்வமான சாஸ்தாவுக்கு நேர்ந்தது பாக்கி நிற்கிறது என்று சொல்லி விபூதி போட்டு அனுப்பினார்கள். அதற்குப் பிறகு இரண்டு ராத்திரி நன்றாக உறங்கியதாகச் சொன்னார். இதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்த இடத்தில் ஒரு பெண் நாலு பேர் நடுவே வாய்விட்டு அழலாம், யாரும் காரணம் கேட்பதில்லை. அவருடைய தெருவில் அப்படி ஒரு இடம் கிடையாது.

பீடிக்கடையில் கணக்கரிடம் முன்பணம் கேட்டு 2,000 ரூபாய் வாங்கினார். ஒரு தவணை அதோடு போயிற்று.

மகள் போன வழி வேறு. விடுமுறைக்கு வந்தவர் அம்மா இரவெல்லாம் திண்ணையில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார், கடன் அட்டைகளையும் பார்த்தார். கல்லூரியில் ஒட்டியிருந்த 14416 என்ற எண் நினைவில் இருந்தது. மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் உதவி எண் அது, தமிழிலும் பேசலாம். மொட்டை மாடிக்குப் போய் அழைத்தார். பொறுமையாகக் கேட்டு, பக்கத்து அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அம்மாவைக் கூட்டிப் போகச் சொன்னார்கள். மகள் கீழே வந்து அதைச் சொன்னதும் தாய்க்கு வந்தது கோபம். "எனக்கு என்ன பைத்தியமா? வீட்டு விஷயத்த எவன்ட்டயோ போன்ல சொல்லிருக்க." நாலு நாள் மகளிடம் பேசவில்லை.

ஒரே வீடு, ஒரே கவலை. கல்லூரிக்குப் போன மகளுக்கு முகம் தெரியாத குரல் பாதுகாப்பாக இருந்தது. தாய்க்கு அதே குரல் வீட்டுச் சுவரில் விழுந்த ஓட்டையாகத் தெரிந்தது.

முதல் சந்திப்பு

மார்கழி முதல் வாரம் அவரை எங்களிடம் கூட்டி வந்தவர், அதே பீடிக்கடையில் பீடி போடும் ஐம்பது வயதுப் பெண். பஜாரை ஒட்டிய முஸ்லிம் தெருவில் வீடு. இவர் அவரை 'பாய் வீட்டு அக்கா' என்றே சொல்வார். கடை வரிசையில் நின்றபோது "இருந்து என்னக்கா செய்ய" என்று இவர் சொன்ன ஒரு வார்த்தை அக்காவுக்குச் சரியாகப் படவில்லை. மறுநாள் தன் சர்க்கரை மாத்திரை வாங்க அரசு மருத்துவமனைக்குப் போகும்போது, துணைக்கு வா என்று இவரை அழைத்திருக்கிறார். அன்று மனநல மருத்துவர் வரும் நாள் என்பது அக்காவுக்குத் தெரியும்.

மருத்துவர் நேரம் எடுத்துக் கேட்டார். சாகத் தோன்றுகிறதா என்று நேராகவே கேட்டார். "கண்ண மூடுனா முழிக்கக் கூடாதுன்னு தோணும். நானா ஒண்ணும் செய்ய மாட்டேன், பிள்ளைகள் இருக்கு" என்றார். மனச்சோர்வு நோய், நடுத்தர அளவு என்று முடிவு செய்து மாத்திரை தொடங்கினார்கள். பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரம் ஆகலாம், நடுவில் நிறுத்தக் கூடாது என்று சொல்லி, பேச்சு ஆலோசனைக்கு என்னிடம் அனுப்பினார்கள்.

இங்கேதான் நான் இரண்டு தவறு செய்தேன். முதலாவது, தனிமை வேண்டும் என்ற விதிப்படி அக்காவை வெளியே உட்காரச் சொன்னேன். அவரைக் கேட்டுவிட்டுச் செய்திருக்க வேண்டும். அக்கா எழுந்து போனதும் அவர் தோள் குறுகியதைப் பார்த்தேன், பார்த்தும் தொடர்ந்தேன். இரண்டாவது பெரிய தவறு. குடும்பத்தில் யார் ஆதரவு என்று கேட்டேன். அண்ணன் என்றார். தங்கமான மனுஷன், கேட்டால் இல்லை என்று சொல்லமாட்டான் என்றார். அப்படியானால் அவரை ஒருநாள் வரச் சொல்வோமே, எண்ணைக் கொடுங்கள் என்றேன். எங்கள் படிவத்தில் அதற்கு ஒரு கட்டமும் இருந்தது.

எண் வீட்டில் இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

அடுத்த வியாழன் பாளையங்கோட்டை அறைக்கு 11 மணிக்கு வரச் சொல்லியிருந்தேன். வரவில்லை. அதற்கடுத்த வியாழனும் வரவில்லை. கோப்பில் 'ஒத்துழைப்பு இல்லை' என்று எழுதினேன். 2021 மே முதல் டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லையே, வந்து போக என்ன தடை என்று நினைத்தது நினைவிருக்கிறது. போக வர அரைநாள் போனால் முந்நூறு, நானூறு பீடி குறையும் என்பதை நான் கணக்கில் எடுக்கவில்லை. ஆனால் வராததற்கு அதுவும் முழுக் காரணம் இல்லை.

கடை வாசலில்

மூன்றாவது வாரம் அக்கா வந்தார். அவ என்னைய அனுப்பினா என்று சொல்லிவிட்டுத்தான் உட்கார்ந்தார். "மேடம், அவ அண்ணன்ட்ட மட்டும் சொல்லிராதீங்க. சொன்னீங்கன்னா அவ இங்க வரவே மாட்டா. வாரதுன்னா கடை நாள்ல நீங்க எங்க வீட்டுக்கு வாங்க."

போனேன். பீடி போடும் நேரம் சாயங்காலம். கணக்கர் ஒவ்வொரு கட்டையும் உள்ளங்கையில் வைத்துப் பெருவிரலால் ஒரு அழுத்து அழுத்துவார். இளகியிருந்தால் கட்டு அந்தப் பக்கம் போகும், அதற்குக் கூலி கிடையாது. அந்தப் பெருவிரலை வரிசையில் நிற்கும் அத்தனை பெண்களும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாலைந்து தெருப் பெண்கள், வேறு வேறு சாதி, வேறு வேறு கோயில், பள்ளிவாசல், சர்ச். அவரவர் தெருவுக்குள் போய்விட்டால் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் வருவது கல்யாணம், சாவுக்குத்தான். கடை வாசலில் ஒன்றாக நிற்கிறார்கள், ஒரே கழிவுக்குப் பயப்படுகிறார்கள்.

பிறகு அக்கா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தோம். அவர் தட்டை மடியில் வைத்துக்கொண்டார், அக்காவும். நான் மட்டும் வெறுங்கையோடு இருந்தேன். தலையை நிமிர்த்தாமல், கத்தரித்த இலையில் கண்ணை வைத்தபடியே அவர் பேசினார். சொல்ல முடியாத இடம் வந்தால் நூலைப் பல்லில் கடித்து அறுப்பார், அந்த நேரத்துக்கு ஒரு காரணம் கிடைத்துவிடும். ஏறக்குறைய நாற்பது நிமிடம். எங்கள் அறையில் நாற்காலியில் நேருக்கு நேர் உட்கார வைத்துக் கேட்டபோது ஏழெட்டு வாக்கியத்துக்கு மேல் பேசாதவர். முடிக்கும்போது இரண்டு கட்டு சேர்ந்திருந்தது.

அண்ணன் விஷயத்தை அவரே சொன்னார். "அண்ணன்ட்ட சொன்னா அண்ணன் குடுப்பான். குடுத்தா மதினிக்குத் தெரியும். மதினிக்குத் தெரிஞ்சா எம் பிள்ளைக்குப் பேசுனது நிக்கும். கடன்காரி வீட்டுல, மாத்திர திங்கவ வீட்டுல யாரு பொண்ணு எடுப்பா?"

தெருக்காரர்களிடம் சொல்ல முடியாது. அவர்களே குழு, அவர்களே ஜாமீன். முன்பு மனசு விட்டுப் பேசிய இரண்டு தோழிகள் இப்போது இவருடைய தவணைக்குப் பணம் போட்டவர்கள். கணவரிடம் சொன்னால் இருக்கிற வேலையை விட்டுவிட்டு ஓடி வருவார். மாமியாரிடம் சொன்னால் நாத்தனார் வழியாக ஊருக்குப் போகும்.

அப்படியானால் அக்காவிடம் எப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன். முதல்முறையாகத் தலையை நிமிர்த்தி, இதென்ன கேள்வி என்பது போலப் பார்த்தார். "அக்காவுக்கு எங்க வீட்டுல பொண்ணு எடுக்கவும் வேண்டாம், குடுக்கவும் வேண்டாம்."

அக்கா முனை மடக்கிக்கொண்டே தலையசைத்தார்.

இத்தனை வருடப் பணியில் நான் படித்ததும் பயிற்சியில் கேட்டதும், உதவிக்கு முதல் வட்டம் குடும்பம், அடுத்தது உறவு, அடுத்தது அக்கம்பக்கம் என்பதே. அந்த வரைபடம் இவருக்குத் தலைகீழாக இருந்தது. சம்பந்தம், சுருள் (விசேஷ வீட்டில் வைக்கும் மொய்), ஜாமீன் என்று கொடுக்கல் வாங்கல் எங்கெல்லாம் ஓடுகிறதோ, அங்கெல்லாம் கஷ்டத்தைச் சொல்வதற்கு ஒரு விலை இருந்தது. சொந்தம் நெருக்கமாக இருந்ததாலேயே வாய் அடைத்துப்போயிற்று. சாதிக்கு வெளியே, குழுவுக்கு வெளியே, ஆனால் தினமும் பார்க்கிற ஒருத்தியிடம் சொல்லிக்கொள்ள முடிந்தது.

அதே மாதத்தில் பாளையங்கோட்டையில் வங்கி வேலை பார்க்கும் ஒரு பெண் தானாகவே தொலைபேசியில் நேரம் கேட்டு வந்தார். டிப்ரஷன் என்ற சொல் அவரிடம் இருந்தது, எந்த மருத்துவர் என்று சொல்ல ஒரு சக ஊழியர் இருந்தார், விடுப்பு எடுக்க வழி இருந்தது. கணவருக்குத் தெரியும். நோயின் அளவு கிட்டத்தட்ட ஒன்றே. அவர் எங்களிடம் வந்து சேர மூன்று வாரம், இவருக்கு இரண்டு மாதம். தைரியத்தில் ஏற்றத்தாழ்வு எதுவும் எனக்குத் தெரியவில்லை. யாரிடம் சொன்னால் எதை இழக்க வேண்டும் என்ற கணக்குத்தான் இருவருக்கும் வேறாக இருந்தது.

எடுத்த முடிவுகள்

மருத்துவரிடம் பேசினேன். அண்ணனைத் தொடர்பு கொள்வதில்லை என்று முடிவு செய்து, கோப்பின் முதல் பக்கத்தில் சிவப்பு மையில் எழுதினோம். ஒரு நிபந்தனையை அவரிடமே சொன்னோம். உயிருக்கு ஆபத்து என்று நாங்கள் நினைத்தால் யாரையாவது கூப்பிட்டே ஆகவேண்டும், அது யார் என்று நீங்களே சொல்லுங்கள். அக்கா என்றார்.

இதற்குச் சட்டத்தில் இடம் இருக்கிறது என்பதை அன்றுதான் நானும் ஒழுங்காக எடுத்துப் படித்தேன். 2017-ம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 14-வது பிரிவுப்படி, வயது வந்த யாரும் தனக்கு ஒரு நியமனப் பிரதிநிதியை வைத்துக்கொள்ளலாம். அவர் உறவினராக இருக்க வேண்டியதில்லை. வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்தோ கைநாட்டோ வைத்தால் போதும், அந்த நபரும் சம்மதிக்க வேண்டும். மகனின் நோட்டிலிருந்து கிழித்த தாளில் எழுதினார்கள்.

ஆலோசனையைக் கடை நாளுக்கு மாற்றினோம். பதினைந்து நாளுக்கு ஒருமுறை, அக்கா வீட்டுத் திண்ணையில், கை வேலை நடக்கும்போதே. நான் யார் என்று கேட்பவர்களுக்கு, சர்க்கரை நோய் பார்க்க வருகிற மேடம் என்று அக்கா சொல்லியிருந்தார். பொய்யாக இருந்தது எனக்கு உறுத்தியது. அதனால் உண்மையிலேயே ரத்த அழுத்தக் கருவியைக் கொண்டுபோய் அங்கு வருகிறவர்களுக்குப் பார்த்தேன்.

கடனை விட்டுவிட்டு மனதை மட்டும் சரிசெய்ய முடியாது. மூன்று கடன் அட்டைகளையும் விரித்துக் கணக்கு எழுதினோம். ரிசர்வ் வங்கியின் 2022 நெறிமுறைப்படி, ஒரு குடும்பம் கட்டும் மொத்தத் தவணை அதன் மாத வருமானத்தில் பாதிக்கு மேல் போகும்படி கடன் கொடுக்கக் கூடாது. இவருக்கு அது எப்போதோ தாண்டியிருந்தது. காலை 9 மணிக்கு முன்பும் மாலை 6 மணிக்குப் பிறகும் வசூலுக்கு அழைக்கக் கூடாது என்பதும் அதிலேயே உண்டு. பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு என்பதால், மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு வழியாக மனு எழுதினோம்.

மகளிடம் நான் தனியாகப் பேசினேன். 14416-க்கு அழைத்தது சரியான செயல் என்று அவரிடம் யாராவது சொல்ல வேண்டியிருந்தது.

தொடர்ந்து நடந்தவை

மாத்திரை அக்கா வீட்டில் இருந்தது, அவருடைய சர்க்கரை மாத்திரை டப்பாவுக்குள்ளேயே. இரண்டும் ஒரே டப்பாவில் இருந்ததைப் பார்த்தபோது எனக்குத் திக்கென்றது. அன்றே வேறு டப்பா வாங்கி, பெரிய எழுத்தில் பெயர் ஒட்டி மாற்றினோம். தினமும் இலை வாங்கப் போகும் சாக்கில் அக்கா வீட்டுக்குப் போய் விழுங்கிவிட்டு வருவார். மூன்றாவது வாரம் தொடர்ந்து ஐந்து மணி நேரம் உறங்கினார்.

பொங்கலுக்குக் கணவர் வந்த வாரம் அங்கே போக முடியாமல் மாத்திரை ஆறு நாள் நின்றது. படபடப்பு திரும்பியது, அழுகை திரும்பியது. அந்தக் கட்டத்தில்தான் கணவரிடம் சொன்னார். நாங்கள் சொல்லச் சொல்லவில்லை. கணவர் வேலையை விட்டுவிடவில்லை. ஒரு தவணைக்கு உண்டான பணத்தைத் தனியே மாதம் அனுப்ப ஆரம்பித்தார்.

மூன்றாவது கடனின் தவணையைச் சிறிதாக்கி, காலத்தை நீட்டிக் கொடுத்தார்கள். மற்ற இரண்டும் அப்படியே இருக்கின்றன. குழுவில் இரண்டு பெண்கள் இன்றும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அவர்கள் மேல் எனக்கு வருத்தம் இல்லை, அவர்களும் தங்கள் பீடிக் காசில்தான் இவருக்காகக் கட்டினார்கள்.

பங்குனி உத்திரத்துக்கு வழக்கம்போல எல்லாரும் சாஸ்தா கோயிலுக்குப் போனார்கள். எங்கெங்கோ இருக்கும் பங்காளிகள் வேன் பிடித்து வந்து குளத்தங்கரையில் பொங்கலிடும் நாள். அன்று அண்ணனை உடைமர நிழலுக்குத் தனியே கூட்டிப்போய் எல்லாவற்றையும் சொன்னார். அண்ணன் முதலில் கேட்டது, "என்னட்ட சொல்லாம யாருட்ட சொன்ன?" அப்புறம் வெகுநேரம் பேசவில்லை. அடுத்த வாரம் பணத்தோடு வந்தார். மதினி வரவில்லை. மகளின் சம்பந்தத்தைப் பற்றி, படிப்பு முடியட்டும், பிறகு பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். அவர் பயந்ததில் பாதி நடந்துவிட்டது. நான் முதல் நாளே அண்ணனைக் கூப்பிட்டிருந்தால், நோயின் உச்சத்தில், தூக்கமில்லாத நிலையில் இதை அவர் எதிர்கொள்ள நேர்ந்திருக்கும்.

இப்போது மாத்திரை தொடர்கிறது. குணம் தெரிந்த பிறகும் குறைந்தது ஆறு மாதம் எடுக்க வேண்டும் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார்.

எதை மாற்றினோம்

முதல் சந்திப்பில் 'குடும்பத்தில் யார் ஆதரவு' என்ற கேள்வியை எடுத்துவிட்டோம். இதுவரை யாரிடமெல்லாம் போனீர்கள் என்று கேட்கிறோம். சாமி, கடை, மருந்துக்கடைக்காரர் எல்லாம் அதில் வரும், எதற்கும் முகம் சுளிப்பதில்லை. அடுத்த கேள்வி, இது யாருக்குத் தெரியக்கூடாது. அதற்குப் பதில் வரும்வரை படிவத்தில் எந்தத் தொலைபேசி எண்ணையும் எழுதுவதில்லை. துணைக்கு வந்தவரை வெளியே அனுப்பும் முன் நோயாளியைக் கேட்கிறோம், உடன் வந்தவர் முன்னால் கேட்காமல், எடை பார்க்கும் சாக்கில் தனியே அழைத்துக் கேட்கிறோம். துணைக்கு வருகிற எல்லாருமே பாய் வீட்டு அக்காவாக இருப்பதில்லை.

'ஒத்துழைப்பு இல்லை' என்று கோப்பில் எழுதுவதையும் நிறுத்தினோம். 'வரவில்லை, காரணம் கேட்க வேண்டும்' என்று எழுதுகிறோம்.

தீராத ஒன்று இருக்கிறது. அக்காவின் சுமையை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. மாத்திரை வைத்திருப்பது, கூட்டி வருவது, ஊருக்குப் பதில் சொல்வது எல்லாம் தன் ஆயிரம் பீடிக்கு நடுவே. ஒருநாள் அவரிடம் உங்களுக்கு ஒன்று என்றால் யாரிடம் சொல்வீர்கள் என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, எதிரே உட்கார்ந்து இலை வெட்டிக்கொண்டிருந்தவரைக் கத்தரியால் காட்டினார்.